பழைய கப் விமானம், நின்றுபோன எஞ்சின்: ஒரு கேள்வியும் என் குறிப்புகளும்

வாசகர் ஒருவரின் கேள்வி:
"பழைய காலத்துச் சிறு விமானங்களில் எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடும் என்கிறார்கள். கிளம்பிய ஓடுபாதைக்கே உடனே திரும்பிவிடுவதுதான் பிழைக்க ஒரே வழி என்றும் படித்தேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் எப்படித் திடீரென்று நிற்கிறது?"

ஜூன் 7, இரவு 10.40

இரண்டுமே தவறு. முதலாவது வெறும் பயம். இரண்டாவது ஆளைக் கொல்லும்.

11 வருடம் முன்பு பைப்பர் ஜே-3 கப் ஒன்றில் எனக்கு இது நடந்தது. 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடம்பு, 1946-இல் செய்தது. நான் பின் இருக்கையில், என் மைத்துனன் முன் இருக்கையில். தரையிலிருந்து 1,500 அடி உயரம். கிளம்பி 40 நிமிடம் ஆகியிருந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமியது, அப்புறம் சத்தம் மெலிந்து போயே போய்விட்டது. புரொப்பெல்லர் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

கல் மாதிரி விழவில்லை. மூக்கை இறக்கி மணிக்கு 55 மைல் வேகத்தில் பிடித்துக்கொண்டால் கப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சறுக்கும், அதாவது ஓர் அடி இறங்குவதற்குள் பத்தடி முன்னால் போகும். 1,500 அடியிலிருந்து நாலரை கிலோமீட்டர். கைக்கு எட்டும் தூரத்தில் நிலம் இருந்தது, இறங்கினோம். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

எஞ்சின் நின்றதும் கார்ப் ஹீட்டை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனியை உருக்கச் சூடான காற்றை விடும் குமிழை, இழுத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. எனவே கார்புரேட்டரில் பனி இல்லை, எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் முடிவு. திடீரென்று நின்றதற்கு அதுதான் பொருந்துகிறது.

ஜூன் 8, காலை

நேற்று எழுதிய நாலரை கிலோமீட்டரை யாரும் நம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம். அது காற்றே இல்லாத நாளில், நேர்கோட்டில், நொடிகூட வீணாக்காமல் சறுக்கினால் கிடைக்கும் தூரம். நடந்ததோ வேறு. நம்ப மறுத்த முதல் சில நொடிகளில் 100 அடி போனது. நிலத்தைத் தேர்ந்தெடுத்துத் திரும்புவதில் இன்னும் 400 போனது. எதிர்க்காற்று தன் பங்கைத் தின்றது. நான் இறங்கிய இடம், எஞ்சின் நின்ற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருந்தது. நிலம் காலடியிலேயே இருக்க வேண்டும். தொடுவானத்தில் தெரியும் நல்ல நிலம் நமக்கானது இல்லை.

ஜூன் 8, இரவு

ஓடுபாதைக்குத் திரும்புவது பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார்கள்.

கிளம்பி 300, 400 அடி ஏறும்போது எஞ்சின் நின்றால் பின்னால் இருக்கும் ஓடுபாதை கண்ணை இழுக்கும். தெரிந்த இடம், சமமான இடம், ஆட்கள் இருக்கும் இடம். ஆனால் திரும்புவது 180 டிகிரி வேலை இல்லை. வளைந்து முடிக்கும்போது ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் விலகி நிற்போம். அதன் கோட்டுக்கு வர இன்னும் வளைய வேண்டும், அப்புறம் எதிர்த்திசையில் நிமிர வேண்டும். இவ்வளவும் இறங்கிக்கொண்டே.

வளைவதற்கு இறக்கையைச் சரிக்க வேண்டும். அந்தச் சரிவு கூடக் கூட ஸ்டால் வேகமும், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது என்ற வேகமும் கூடும். 45 டிகிரி சரித்தால் 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். கப் நேராகப் பறக்கும்போது மணிக்கு 38 மைல் அளவில் ஸ்டால் ஆகும் என்றால், 60 டிகிரி சரிவில் 54-இலேயே ஆகிவிடும். நாம் சறுக்கிக்கொண்டிருப்பதோ 55-இல். தரை நெருங்குகிறதே என்று கை தானாக ஓட்டும் குச்சியை இழுக்கும், கால் தானாக மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடரை அழுத்தும். ஒரு பக்க இறக்கை விழுந்து விமானம் சுழல ஆரம்பித்தால், 300 அடியில் மீட்க இடமே கிடையாது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் என்னை வாய்விட்டுச் சொல்ல வைப்பார்: "எஞ்சின் நின்றால் நேரே, இடமோ வலமோ 30 டிகிரிக்குள்." சலித்துப்போகும் அளவுக்குச் சொல்ல வைத்தார். முடிவைத் தரையிலேயே எடுத்து வைத்திருந்தால் மேலே யோசிக்கத் தேவையில்லை என்பார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஜூன் 9

"இரண்டு அடுக்கு இறக்கை உள்ள டைகர் மாத் இன்னும் நன்றாகச் சறுக்குமே" என்று ஒருவர். இல்லை. இரண்டு இறக்கை, நடுவே தூண்கள், குறுக்கும் நெடுக்கும் கம்பிகள், எல்லாமே காற்றை எதிர்த்து நிற்கும். மூக்கை இன்னும் நன்றாக இறக்கினால்தான் வேகம் நிற்கும். 1931-இல் முதன்முதலில் பறந்த அந்த விமானத்தின் அழகுக்குக் கொடுக்கும் விலை அது. எனக்கு மிகவும் பிடித்த விமானம், ஆனாலும் உண்மை உண்மைதான்.

ஜூன் 10, மதியம்

இறங்கிய விதம்.

அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல் ஒன்றைப் பிடித்தேன். மேலிருந்து பார்க்க மேசை மாதிரி இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்பதைத் தூரத்தில் ஒரு புகை காட்டிக்கொடுத்தது. காற்றுக்கு எதிராக இறங்குவது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. விமானம் 40 மைல் வேகத்தில் தரையைத் தொடுகிறது, காற்று 15 மைல். காற்றுக்கு எதிராகத் தொட்டால் தரையைப் பொறுத்து நம் வேகம் 25. காற்றோடு போய்த் தொட்டால் 55. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

300 அடியில் உயரம் மிஞ்சியது. சீக்கிரம் இறங்க உதவும் ஃப்ளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மடங்கி இறங்கும் தகடு, கப்பில் கிடையாது. ஒரு பக்கம் குச்சி, எதிர்ப்பக்கம் ரடர் என்று கொடுத்து விமானத்தைக் கோணலாக்கி சைடுஸ்லிப்பில் இறக்கினேன். திறந்திருந்த கதவு வழியாகக் காற்று கன்னத்தில் அறைந்தது. எரிபொருள் வால்வை மூடினேன், எஞ்சினுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்சை அணைத்தேன். வேகம் குறைந்ததும் புரொப்பெல்லர் குறுக்காக நின்றுவிட்டது. எஞ்சின் இல்லாத அந்த அமைதியில், இறக்கையைத் தாங்கும் தூண்களில் காற்று சீட்டியடிப்பது கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

100 அடியில்தான் வாய்க்கால் தெரிந்தது. வயலின் குறுக்கே, ஒரு முழ ஆழத்துக்கு. மேலிருந்து பார்த்தபோது தாளின் நிறம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது, நிழல் என்று நினைத்திருந்தேன். அதற்கு இப்புறமே தொட்டேன், மூன்று சக்கரமும் ஒன்றாக, குச்சியை வயிறு வரை இழுத்துப் பிடித்தபடி. இடது சக்கரம் எதன் மீதோ ஏறி விழுந்தது. வால் தூக்கியது, ஒரு கணம் யோசித்தது, திரும்ப இறங்கியது. வாய்க்காலுக்குப் பத்தடி முன்னால் நின்றோம்.

ஜூன் 10, இரவு

மேலே ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் அன்றைக்கு உண்மையிலேயே ஆபத்தான நிமிடம். விமானம் நின்றதும் மைத்துனன் குதித்து இறங்கி முன்னால் ஓடினான். புரொப்பெல்லரில் கை வைத்துத் திருப்பிப் பார்க்கப் போனான். "டேய், தொடாதே!" என்று நான் போட்ட கூச்சல், அதுவரை மேலே போட்டிராத கூச்சல்.

கப்பில் பேட்டரி, ஸ்டார்ட்டர் எதுவும் கிடையாது, புரொப்பெல்லரைக் கையால் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். மேக்னெட்டோ தனக்கான மின்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சுவிட்சை அணைப்பது என்றால், ஒரு மெல்லிய கம்பி வழியாக அதை எஞ்சின் உடம்போடு இணைத்துச் செயலிழக்கச் செய்வது. விமானம் வயலில் குதித்து இறங்கியதில் அந்தக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்சு அணைந்திருந்தும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். சூடான எஞ்சினில் ஒரே ஒரு பொறி போதும், கை போய்விடும். வானத்திலிருந்து பத்திரமாக இறங்கியவன் வயலில் நின்றுகொண்டு கையை இழப்பதை நினைத்தாலே இன்னும் உடம்பு நடுங்குகிறது.

ஜூன் 11

சேதம் என்ன என்று கேட்டவருக்கு: இடது சக்கரத்தின் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் வடம் அறுந்தது. அவ்வளவுதான் தரையிறக்கத்தால் வந்தது. நாங்கள் உதவிக்கு நடந்துபோன நேரத்தில் நான்கு கன்றுக்குட்டிகள் வந்து, வாலில் இருக்கும் எலிவேட்டர் துணியை நக்கி, மென்று, ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தன. துணிக்குப் பூசும் டோப் மாடுகளுக்குப் பிடிக்கும், பழைய விமானக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வடத்தை மாற்ற ஒரு மணி நேரம், துணியைச் சரிசெய்ய மூன்று வாரம். மைத்துனன் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்கே அங்கிருந்து பறந்து வந்திருக்கலாமே என்றால், கூடாது. இறங்கப் போதுமான இடம் கிளம்பவும் போதும் என்று அர்த்தமில்லை. அதைவிட முக்கியம், ஏன் நின்றது என்று தெரியாத எஞ்சினை நம்பி எப்படி ஏறுவது? இறக்கையைக் கழற்றி லாரியில்தான் கொண்டுபோனோம்.

ஜூன் 12, இரவு

ஒருவர் கேட்ட எளிய கேள்வி இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. "எரிபொருளில் தண்ணீர் என்றால், வடிகட்டிக் கிண்ணத்தில் தண்ணீர் இருந்ததா?"

பழைய லாக்புக்கை எடுத்துப் பார்த்தேன். மெக்கானிக் எழுதியிருப்பது: வடிகட்டி சுத்தம், கார்புரேட்டர் கிண்ணம் சுத்தம், மேக்னெட்டோ இரண்டும் சரி, மூன்றாவது சுண்டலில் எஞ்சின் கிளம்பியது, குறை எதுவும் காணப்படவில்லை. அதற்கு மேல் என் கையெழுத்தில் அன்றைய வெப்பநிலை: 16 டிகிரி. காலையில் பெய்து ஓய்ந்த மழை. வயலில் இறங்கி நடந்தபோது கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது நினைவிருக்கிறது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு 11 வருடம் தண்ணீர், தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் அங்கே வெப்பம் 20, 30 டிகிரி வரை சட்டென இறங்கும். வெளியே 16 டிகிரி இருந்தால் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. காற்றில் ஈரம் இருந்தால் அது பனியாகக் கழுத்தில் படியும், காற்று போகும் வழி கொஞ்சம் கொஞ்சமாக அடையும். குளிர்நாளில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு: மிதமான வெயிலும் ஈரமும் உள்ள நாள்தான் மோசம். கப்பில் இருக்கும் கான்டினென்டல் எஞ்சினுக்கு இது அடிக்கடி வரும். லைகமிங் எஞ்சின்களில் கார்புரேட்டர் சூடான எண்ணெய்த் தொட்டியோடு ஒட்டியிருக்கும், அந்தக் கதகதப்பு கான்டினென்டலில் இல்லை.

அப்படியானால் கார்ப் ஹீட் இழுத்தும் ஏன் பலனில்லை? அந்தச் சூடு வருவது புகைக்குழாயின் மேல் பட்டு வரும் காற்றிலிருந்து. எஞ்சின் செத்தபின் புகைக்குழாய் ஆறிக்கொண்டிருக்கும். சூடே இல்லாத சூட்டை இழுத்துப் பார்த்து, பனி இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். மெக்கானிக் வந்து திறந்து பார்ப்பதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பனி உருகிப் போயிருக்கும்.

ஜூன் 7 குறிப்பின் கடைசிப் பத்தியைத் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 14

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் விமான விபத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். நல்ல உதாரணம். 2015 மார்ச் 5, அமெரிக்காவின் சாண்டா மோனிகா. 1942-இல் செய்த ரயன் பயிற்சி விமானம். கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் சக்தி இழந்தது. ஓடுபாதைக்குத் திரும்பத் தொடங்கினார், எட்டாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார். மரத்தின் உச்சியில் தட்டி விழுந்தார், பலத்த காயம், ஆனால் பிழைத்தார். எட்டாது என்று தெரிந்த கணத்தில் மனதை மாற்றிக்கொண்டாரே, அதற்காக அவரை மதிக்கிறேன்.

அங்கேயும் கார்புரேட்டர்தான். விசாரணையில் தெரியவந்தது, உள்ளே எரிபொருளை அளந்துவிடும் முதன்மை ஜெட் தன் இருக்கையிலிருந்து கழன்றிருந்தது, பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்தது. அதைத் திறந்து சோதிக்கச் சொல்லிப் பராமரிப்புக் குறிப்புகளில் எதுவும் இல்லை. தோள்பட்டியும் சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது, காயம் கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். அதைப் படித்த அன்றே போய் என் தோள்பட்டி எதில் கட்டியிருக்கிறது என்று பார்த்தேன். பழைய விமானம் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன், போய்ப் பாருங்கள். 50 மைல் வேகத்திலிருந்து 9ஜி அழுத்தத்தில், அதாவது நம் எடையைப் போல ஒன்பது மடங்கு விசையில், நிற்க மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். பட்டி பிடித்தால் அதை உடம்பு தாங்கும்.

ஜூன் 17, விடியற்காலை

மைத்துனன் இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு கூப்பிட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, திடீர்னு நின்னுதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படி இல்லையே. என் இடது கை பக்கத்துல ஒரு கைப்பிடி இருக்கும்ல, அது தானா முன்னால நகர்ந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தரம். அப்புறம் இன்னொரு தரம். நீங்கதான் ஏதோ பண்றீங்கன்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன்."

கப்பில் முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் தனித்தனி திராட்டில் கைப்பிடி (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது), இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. பின்னால் நான் தள்ளினால் முன்னால் அவன் பக்கத்தில் அது நகரும்.

மூன்று முறை. எனக்கு ஒரு முறைகூட நினைவில்லை.

இப்போது புரிகிறது. ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர் முன்பலகையில் இருக்கிறது, பின்னிருக்கையிலிருந்து பார்த்தால் முன்னே இருப்பவரின் தோள் மறைக்கும். நான் காதால் ஓட்டியிருக்கிறேன். சத்தம் கொஞ்சம் தணிந்தது, கை கொஞ்சம் தள்ளியது. சத்தம் பழையபடி ஆனது, மனம் அடங்கியது. உள்ளே பனி வளர்ந்தது, வெளியே நான் அதை மூடினேன். மூன்றாவது முறைக்கப்புறம் தள்ள மிச்சமில்லை.

திராட்டிலை மாற்றாமல் ஆர்பிஎம் மட்டும் 2,150-இலிருந்து 2,050-க்கு இறங்கினால், இறகின் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் அதுதான் பனியின் முதல் குரல். முதல் முறை என் கை நகர்ந்தபோதே எஞ்சினில் சூடு நிறைய இருந்தது. அப்போது கார்ப் ஹீட்டை இழுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்போம். குறைந்தபட்சம், ஓடும் எஞ்சினோடு நானாக ஒரு நல்ல நிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை மேலே சுற்றி வாய்க்காலைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கலாம். கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் மாறிவிட்டது: என் எஞ்சின் திடீரென்று நிற்கவில்லை. பல நிமிடங்கள் சொல்லிச் சொல்லி நின்றது.

ஜூன் 17, இரவு

கார்ப் ஹீட் இழுத்தால் என்ன நடக்கும் என்று கேட்ட புதியவர்களுக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள்.

பனி இல்லை என்றால் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும், குமிழை உள்ளே தள்ளினால் பழைய இடத்துக்கு வரும். பனி இருந்தால் முதலில் இறங்கும், எஞ்சின் கரகரக்கும், இருமும், பயமுறுத்தும். உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்குகிறது. பலர் அந்த இடத்தில்தான் பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். பொறுங்கள். அப்புறம் ஆர்பிஎம் ஏறும், குமிழை உள்ளே தள்ளியதும் முன்பு இருந்ததைவிட மேலே போய் நிற்கும். சக்தியைக் குறைத்து இறங்கும்போது, குறைப்பதற்கு முன்பே இழுத்துவிடுங்கள்.

ஜூலை 2

நேற்று மழை விட்டதும் மைத்துனனை மறுபடி முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். அதே கப். "அந்தக் கைப்பிடி நகர்ந்தா கையைத் தூக்குடா" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

கிளம்பி 25 நிமிடம் ஆனபோது அவன் இடது கை மேலே போனது. நான் எதையும் தள்ளியதாக எனக்குத் தெரியவே இல்லை. அவன் தோளுக்கு மேல் எட்டி மீட்டரைப் பார்த்தேன்: 2,080. குமிழை இழுத்தேன். 1,950-க்கு இறங்கியது, எஞ்சின் இரண்டு முறை இருமியது, அதே இருமல். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். இருவரும் பேசவில்லை. பதினைந்து நொடி இருக்கும். ஊசி மெல்ல ஏறியது. குமிழை உள்ளே விட்டேன்: 2,170.